கோச்சி நிலையத்துப் பெயர்ப்பலகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோச்சி என்று நாங்கள் சொல்லும் புகையிரதம் யாழ்ப்பாணம் வழியாக ஓடும் காங்கேசன்துறைப் பாதையின் பழைய படங்களைச் சேர்ப்பவர்கள், போட் (பெயர்ப்பலகை) எழுதும் தொழிலில் இருப்பவர்கள், லண்டனிலும் பாரிசிலும் இருந்து விடுமுறைக்கு வந்து 'எங்கட பலகை மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்பவர்கள், இவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வந்தது எப்போது?

1902 மார்ச் 11. அன்று ஓடியது கொழும்பு வண்டி இல்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தனித்துண்டாக ஒரு பாதை திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பளை வரை நீண்டது. தெற்கிலிருந்து போட்டுவந்த பாதையோடு இது சேர்ந்து, கொழும்பிலிருந்து நேரே வண்டி வந்தது 1905 ஆகஸ்ட் 1 அன்று. ஆக முதல் மூன்று ஆண்டுகள் குடாநாட்டுக்குள்ளேயே போய்வந்த வண்டி இது. ஏறுகிறவர்களுக்குச் சுன்னாகம் எது, மல்லாகம் எது என்று பலகை பார்த்துத் தெரிய வேண்டிய தேவையே இருந்திராது. வெளியூர்ப் பயணி வரத் தொடங்கிய பிறகுதான் பெயர்ப்பலகைக்கு உண்மையான வேலை வந்தது.

புகையிரத எழுத்துக்கென்று ஒரு ஒழுங்கை முதலில் வகுத்தது யார்?

புகையிரதம் தோன்றிய 19ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. கடைப்பலகை எழுதும் ஆளே நிலையப் பலகையும் எழுதினார். அவருக்குப் பிடித்த எழுத்து, அவர் கைக்கு வந்த அளவு, அவ்வளவுதான்.

எழுத்தைக் கணக்கோடு வரைந்து 'இனி எல்லாரும் இப்படித்தான் எழுத வேண்டும்' என்று கட்டளை போட்டவர்களில் பிரஷ்ய அரசுப் புகையிரதத்தார் முன்வரிசையில் நிற்கிறார்கள். கொழும்பு வண்டி யாழ்ப்பாணம் வந்த அதே 1905இல், பெட்டிகளில் எழுதும் எழுத்துக்கு மாதிரி வரைபடம் ஒன்றை அவர்கள் வெளியிட்டார்கள். வடிவு அவர்கள் நோக்கம் இல்லை. பட்டறைக்குப் பட்டறை ஆள் மாறினாலும் எழுத்து மாறக் கூடாது என்பதுதான் கவலை. அந்த வரைபடத்தின் வழிவந்ததுதான் பின்னாளில் ஜெர்மனியின் தெருப் பலகைகளிலெல்லாம் ஏறிய 'டின் 1451' என்ற எழுத்து.

லண்டன் கதை வேறு. அங்கே சுரங்கப் பாதை நிலையங்களின் சுவர் முழுக்க விளம்பரம். சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் நடுவே நிலையத்தின் பெயரைப் பயணி தேட வேண்டியிருந்தது. 1908இல் சிவப்பு வட்டத்தின் மேல் நீலப் பட்டை வைத்து, அதில் பெயரை எழுதினார்கள். அப்புறம் அந்தப் பட்டையில் எழுதுவதற்கென்றே ஒரு எழுத்து வேண்டும் என்று பிராங்க் பிக் என்ற நிர்வாகி, கையெழுத்துக் கலைஞர் எட்வர்ட் ஜோன்ஸ்டனிடம் கேட்டார். 1916இல் எழுத்து வந்தது. 'ஓ' ஏறத்தாழ முழு வட்டம். சின்ன 'ஐ'யின் மேல் வைக்கும் புள்ளி சாய்சதுரம். ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர் தினமும் பார்ப்பது அந்த எழுத்தின் வாரிசைத்தான். 2016இல் நூறாண்டுக்காக அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

கில் சான்ஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள். எரிக் கில் ஜோன்ஸ்டனிடம் படித்தவர். அவருடைய கில் சான்ஸ் 1928இல் அச்செழுத்தாக வந்தது. அடுத்த ஆண்டே லண்டன் அண்ட் நோர்த் ஈஸ்டர்ன் புகையிரதக் கம்பனி அதைப் பிடித்துக்கொண்டது. பெயர்ப்பலகை, நேர அட்டவணை, சுவரொட்டி, உணவுப் பட்டியல் எல்லாம் ஒரே எழுத்து. 1932இல் 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' வண்டியின் முகப்புப் பெயர்ப்பலகையை கில் தன் கையாலேயே எழுதினார். கூலியின் ஒரு பங்காக அவர் கேட்டது, அந்த இயந்திரத்தில் சாரதியோடு ஏறி நின்று போகும் உரிமை. நல்ல பேரம்.

1948இல் பிரித்தானியப் புகையிரதங்கள் அரசுடைமையானபோது கில் சான்ஸ்தான் நாடு முழுவதற்கும் போனது. பிராந்தியத்துக்கு ஒரு நிறம்: தெற்குக்குப் பச்சை, மேற்குக்கு மண்ணிறம், ஸ்கொட்லாந்துக்கு வெளிர்நீலம். நித்திரையில் இருந்து விழித்துப் பார்த்தாலும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நிறமே சொல்லிவிடும். இதை எங்கள் நாட்டில் ஒருவரும் யோசிக்காதது எனக்குக் குறைதான்.

1965இல் பிரித்தானியா எல்லாப் பலகைகளையும் மாற்றியதாமே. அது தமிழுக்குப் பொருந்துமா?

மாற்றியது உண்மை. ஜொக் கினியர், மார்கரெட் கல்வேர்ட் என்ற இருவர் 'ரெயில் அல்பபெற்' என்ற எழுத்தை வரைந்தார்கள். இரட்டை அம்புச் சின்னமும் அப்போதுதான் வந்தது. அதுவரை பெயரெல்லாம் பெரிய எழுத்திலேயே இருந்தது. இவர்கள் முதலெழுத்தை மட்டும் பெரிதாக வைத்து மற்றவற்றைச் சிறிய எழுத்தில் போட்டார்கள். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் சொல் ஒரு நீள்சதுரக் கட்டியாக நிற்கும். சிறிய எழுத்தில் மேலேயும் கீழேயும் நீட்டல்கள் வருவதால் சொல்லுக்கு ஒரு உருவம் கிடைக்கும், ஓடும் வண்டியிலிருந்து அந்த உருவத்தை வைத்தே பெயரைப் பிடித்துவிடலாம் என்பது வாதம்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. நீட்டல்களும் எழுத்தோடேயே பிறந்தவை. 'கிளிநொச்சி' என்ற சொல்லைத் தூரத்தில் பாருங்கள். மேலே மூன்று விசிறி (இகரக் குறி), நடுவில் ஒரு கொம்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்பே ஊர் தெரிந்துவிடும். பிரித்தானியர் தேடிப் பிடித்தது தமிழில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதற்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும். அங்கேதான் சிக்கல். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பலகைகளில் தமிழ் எழுத்து மட்டும் ஏன் நெருக்கியடித்து நிற்கிறது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று பலகையை மூன்று சம வரியாகப் பிரித்துவிட்டு எழுதத் தொடங்குவதுதான் காரணம்.

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டும் போதும். எல்லா எழுத்தும் அவற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தமிழில் 'க', 'ப', 'ம' நடுவில் நிற்கும். 'சி', 'கி'யின் விசிறியும் மெய்யின் புள்ளியும் மேலே போகும். 'ழ', 'து', 'மு', 'ற' கீழே இறங்கும். மூன்று மொழிக்கும் ஒரே உயரத்தில் வரி பிரித்தால், தமிழின் உடம்பு அந்த உயரத்தில் ஏறத்தாழப் பாதிதான். மற்றதெல்லாம் கைக்கும் காலுக்கும் போய்விடும். அதனால் தமிழ் சின்னதாகத் தெரியும். யாரோ வேண்டுமென்று செய்தது என்று உடனே கோபப்படாதீர்கள்; பல இடங்களில் அடிமட்டம் (அளவுகோல்) செய்த வேலை அது. ஆனால் அந்த அடிமட்டத்தை எந்த மொழியை மனதில் வைத்துப் பிடித்தார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான்.

அகலமும் உண்டு. எழுதுமட்டுவாளை எடுத்துக்கொள்ளுங்கள். எ, ழு, து, ம, ட், டு, வா, ள். எட்டு எழுத்து. காங்கேசன்துறை: கா, ங், கே, ச, ன், து, றை. ஏழு. அப்போது எழுதுமட்டுவாள்தான் நீளம் என்று நினைப்பீர்கள். பலகையில் வரைந்து பார்த்தால் கதை மாறும். கா, கே, றை மூன்றுக்கும் கால், கொம்பு, ஐகாரக் குறி என்று தனி இடம் வேண்டும். காங்கேசன்துறைக்குப் பத்துக் கட்டம், எழுதுமட்டுவாளுக்கு ஒன்பதுதான். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கிய ஆள் கடைசியில் 'துறை'யை இடித்து நசுக்கி முடிப்பார். அப்படி நசுங்கிய 'றை' ஒன்றைப் பார்த்தால் இனிக் காரணம் தெரியும்.

நசுக்கும்போது முதலில் சாவது புள்ளி. மேல் வரியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், அல்லது மழைக்கறையோடு கறையாகிவிடும். அடுத்தது 'ர'வும் காலும். 'ர'வின் அடிச்சாய்வு தேய்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. பெயின்ற் உரிந்த பலகையில் 'ழ'வையும் 'மு'வையும் பிரித்துப் பார்க்கவும் நல்ல கண் வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு பெரிதாக எழுத வேண்டும்?

பலகைத் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: வசதியாக வாசிக்க, பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். இது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. தமிழுக்குப் பார்க்கும்போது 'க'வின் உடம்பை அளக்க வேண்டும், விசிறியின் நுனியிலிருந்து 'ழ'வின் வால் வரை அல்ல. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். யன்னலோரம் இருப்பவருக்குப் பலகை ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும். சின்ன நிலையங்களில் நிற்காத வண்டியிலிருந்து 'இது எந்த இடம்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பழைய பலகைகளை எதில், எப்படிச் செய்தார்கள்?

மூன்று வழி. மரத்திலோ தகட்டிலோ தூரிகையால் எழுதுவது ஒன்று. மலிவு, ஆனால் சில ஆண்டுக்கொருமுறை மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுக் கை. ஒரே நிலையத்தின் பெயர் இருபது ஆண்டு இடைவெளியில் வேறு முகத்தோடு நிற்பது அதனால்தான்.

இரண்டாவது எனாமல். இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச்சூடு. வெயிலுக்கு வெளுக்காது. ஆனால் கல் பட்டு ஒரு சில்லு உடைந்தால் அந்த இடத்தில் துரு உள்ளே புகும். காங்கேசன்துறையின் உப்புக் காற்றுக்கு அந்த ஒரு சில்லு போதும்.

மூன்றாவது சீமெந்து. வார்ப்புப் பலகையின் மேல் பெயின்ற் அடிப்பது. உடைப்பது கஷ்டம், தூக்கிக்கொண்டு போவது அதைவிடக் கஷ்டம். தென்னாசியாவில் இது நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பழைய படங்களில் 'ஆனையிறவு', 'சுன்னாகம்' எழுத்து வேறு விதமாக இருக்கிறதே, பிழையா?

பிழை இல்லை, பழைய வடிவம். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்பு தனிக் குறி போட்டு எழுதப்படவில்லை. எழுத்தின் தலையிலேயே தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறும். ணா, றா, னாவும் அப்படித்தான், காலுக்குப் பதில் எழுத்தோடு ஒட்டிய சுழி. பெரியார் தன் பத்திரிகைகளில் 1935 முதல் சீர்திருத்திய வடிவங்களைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அவற்றை ஆணையாக்கியது. இங்கே அந்த ஆணைக்கு அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டுப் புத்தகமும் அச்செழுத்தும் வழியாகத்தான் புதிய வடிவம் மெல்ல வந்து சேர்ந்தது.

எங்கள் பாதையில் இந்த மாற்றம் பட்ட பெயர்கள் கொஞ்சம் இல்லை: சுன்னாகத்தின் 'னா', சங்கத்தானை, ஆனையிறவு இரண்டின் 'னை', மீசாலையின் 'லை', பளையின் 'ளை'. தெல்லிப்பழையும் காங்கேசன்துறையும் தப்பின; 'ழை', 'றை' முன்பும் இப்படியே. உங்களிடம் திகதி இல்லாத நிலையப் படம் இருந்தால் இந்த எழுத்துகளைப் பாருங்கள். பழைய வடிவம் இருந்தாலே 1978க்கு முன் என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் கைபழகிய ஓவியர்கள் பிறகும் அப்படியே எழுதினார்கள். புதிய வடிவம் இருந்தால், அது மிகப் பழைய படமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனையின் பெயரிலிருந்தே தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள் என்று பழைய ஆட்கள் பகிடி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே? இதில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியை எழுத்துக் கேள்வி என்று மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1957 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'சிறீ' எழுத்து ஏறியது. வடக்கிலும் கிழக்கிலும் அதற்குத் தார் பூசினார்கள், தமிழ் 'சிறீ' எழுதி ஓடினார்கள். 1958இல் தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பலகைகளுக்குத் தார் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் எல்லாருக்கும் தெரியும். ஒரு எழுத்துக்கு மேல் ஒரு வாளித் தார் என்பது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு எங்கள் நாட்டுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம்.

தேடினாலும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1952இல் பெரியாரின் அழைப்பில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துக்குத் தார் பூசினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 15 அன்று டால்மியாபுரம் நிலையத்தில் கருணாநிதி தலைமையில் போனவர்கள், பெயர்ப்பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஒரு சீமெந்து ஆலை முதலாளியின் பெயர் ஊரின் பெயராக நிற்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிற்பாடு பெயர் கல்லக்குடி ஆனது.

இங்கே 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழி என்றும் சொல்கிறது. எனவே நிலையத்தில் மூன்று மொழியும் இருப்பது ஒருவரும் செய்த தயவு அல்ல. அளவு, இடைவெளி, வாசிக்கக்கூடிய தன்மை, இவையும் அந்த உரிமைக்குள் வருகின்றன என்பது என் வாதம். தமிழ் இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியாது என்றால் அது எழுதாததற்குச் சமம்.

போர்க்காலத்தில் பலகைகளுக்கு என்ன ஆனது?

1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையக் கட்டடங்கள் கூரையில்லாமல் நின்றன. இருபது ஆண்டுக்கு மேல் நிலையத்தின் பெயர் சொல்ல ஆள்தான் இருந்தது, பலகை இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் 'ஸ்ரேசனடி' என்று இடத்தைச் சொல்லிக்கொண்டு, கோச்சியையே பார்க்காமல் வளர்ந்தார்கள்.

இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறை. பலகைகளும் புதிதாக வந்தன. தென்னிலங்கையின் சில மலைநாட்டு நிலையங்களில் கிடைக்கும் பழைய கையெழுத்தின் தொடர்ச்சி எங்கள் பாதையில் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

புதிய பலகைகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதே, ஏன்?

கணினி. தமிழ் தெரியாத ஒருவர் வெட்டி ஒட்டினால் இரண்டு விதமாகக் கெடும்.

முதலாவது பாமினி. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பல ஆண்டு கோலோச்சிய எழுத்துரு. பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கிலம். பாமினியில் 'யாழ்ப்பாணம்' என்று அடித்தால், கோப்புக்குள் இருப்பது ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அதுதான் திரையில் வரும். பலகை வெட்டும் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அப்படியே வெட்டியும் விடுவார்.

இரண்டாவது யுனிகோட். இதில் எழுத்து உள்ளே சரியாக இருக்கும். ஆனால் 'கொ' என்பதை 'க'வும் ஒரு குறியும் என்றுதான் கோப்பு வைத்திருக்கும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகள் பலவற்றுக்கு அது தெரியாது. கொக்குவில், கொடிகாமம், கோண்டாவில், தெல்லிப்பழை, இந்த நான்கும் முதலில் உடையும் பெயர்கள். கொம்பு பிறகு வந்து நிற்கும், அல்லது வெறும் வட்டம் ஒன்று நடுவே முளைக்கும்.

தடுக்கும் வழி ஒன்றுதான். வாசித்துச் சரிபார்த்த பெயரை வெளிக்கோடாக மாற்றிக் கொடுங்கள், அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் அது படம்தான், உடையாது.

மின்பலகையில் ஓடும் தமிழ் ஏன் வாசிக்கவே முடியாமல் இருக்கிறது?

ஆங்கில எழுத்துக்கு ஏழு வரிசைப் புள்ளி விளக்கு போதும். தமிழுக்குக் குறைந்தது பதினாறு வரிசை வேண்டும், இல்லாவிட்டால் விசிறியும் புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மலிவான பலகையை வாங்கிவிட்டு அதில் தமிழைப் போடச் சொன்னால் இப்படித்தான்.

ரிக்கெற்றிலும் இந்தக் கதை உண்டா?

உண்டு, அதுவும் சுவையானது. கையில் தரும் அந்தச் சின்னத் தடித்த அட்டை 1830களின் கண்டுபிடிப்பு. இங்கிலாந்தில் தோமஸ் எட்மன்சன் என்ற நிலைய அதிபர், ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதி அலுத்துப்போய், முன்கூட்டியே அச்சடித்து இலக்கமிட்ட அட்டையைக் கொண்டுவந்தார். திகதி குத்தும் சிறு இயந்திரமும் அவருடையதே. அட்டையின் அளவு ஏறத்தாழ 57க்கு 30 மில்லிமீற்றர். பிரித்தானியா 1990இல் அதைக் கைவிட்டது. இலங்கையில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓடியது.

அந்த அளவுக்குள் மூன்று மொழி, புறப்படும் இடம், சேரும் இடம், வகுப்பு, கட்டணம், இலக்கம். பலகையில் காணும் நெருக்கடி எல்லாம் இங்கே பெருவிரல் அளவில் இருக்கிறது. பழைய அட்டை ஏதாவது வீட்டில் இருந்தால் வில்லை ஒன்றை வைத்துப் பாருங்கள். 'ழ்'இன் புள்ளி பெரும்பாலும் மையில் கரைந்திருக்கும்.

யாழ்தேவி காலத்து இயந்திரங்களில் கனடாப் பெயர்கள் இருந்தது உண்மையா?

உண்மை. 1954இல் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை டீசல் இயந்திரங்களுக்கு ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்கச்சுவான் என்று மாகாணப் பெயர்களையே வைத்தார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் விரைவு வண்டியான யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ஒன்ராறியோவுக்குப் பிற்காலத்தில் இத்தனை யாழ்ப்பாணத்தார் போய்ச் சேர்வார்கள் என்று பெயர் வைத்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தியப் பலகைகள் மஞ்சளாகவும், கடல்மட்ட உயரம் எழுதியும் இருக்கிறதே?

மஞ்சளில் கறுப்பு தூரத்துக்கு நன்றாகத் தெரியும், அதனால் நிறம். உயரம் பாதை அமைத்த காலத்து அளவை வேலையின் மிச்சம். இங்கும் மலைநாட்டு நிலையங்களில் உயரம் எழுதியிருப்பதைக் காணலாம். குடாநாட்டில் எழுதினால் வாசிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

உலகத்திலேயே நீளமான நிலையப் பெயர்?

வேல்சில் உள்ள லான்ஃபைர்புல் நிலையத்தின் முழுப்பெயர் ஆங்கிலக் கணக்கில் 58 எழுத்து. சுற்றுலாப் பயணிகளை இழுக்கவென்று 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பெயர் அது. 2019இல் எம்.ஜி.ஆர் பெயரைச் சூட்டிய பிறகு சென்னை சென்ட்ரலும் அந்தப் போட்டியில் நிற்கிறது.

எங்கள் ஊர்ப் பலகையில் தமிழ் பிழையாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் நிலைய அதிபரிடம், எழுத்தில். படம் இணையுங்கள், பிழையான வடிவத்தையும் சரியான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். 'தமிழைக் கொலை செய்துவிட்டார்கள்' என்று எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். 'மூன்றாவது எழுத்து ன அல்ல, ண' என்று எழுதினால் திருத்துகிறவருக்கு வேலை தெரியும். பதில் இல்லாவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்தது, மொழிச் சட்டம் மீறப்பட்டதாக முறைப்பாடு வந்தால் விசாரிக்கும் கடமை அதற்கு உண்டு.

கடைக்குப் பழைய கோச்சி நிலையப் பலகை மாதிரி எழுத வேண்டும். எந்த எழுத்துரு?

கையால் எழுதிய எழுத்துக்கு ஒப்பான எழுத்துரு கிடைக்காது. அந்தப் பலகைகளில் ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு 'க' ஒன்றுபோல இருக்காது. தூரிகை பிடிக்கும் ஓவியர் ஒருவர் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடமே போங்கள், பழைய படம் ஒன்றையும் கொண்டுபோங்கள்.

கணினியில்தான் செய்ய வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் மூன்றும் தூரத்துக்கு நன்றாக நிற்கும். தடித்த எடையை எடுக்காதீர்கள், 'ண'வின் சுழிகள் அடைத்துவிடும், நடுத்தரம் போதும். எழுத்தின் அகலத்தை இழுத்தோ நசுக்கியோ இடத்துக்குள் திணிக்க வேண்டாம். இடம் போதாவிட்டால் பலகையை நீட்டுங்கள், அல்லது ஆங்கில வரியைச் சின்னதாக்குங்கள். ஆங்கில வரியை எழுதும் முன் தமிழ் வரியை முழுதாக எழுதி முடித்துவிடுங்கள், மிச்ச இடம் எவ்வளவு என்று அப்புறம் பார்க்கலாம்.